முகம் ஏறவில்லை

வெள்ளானூர்
7 ஆகஸ்ட் 2025

சௌம்யா,

வாளியைக் கவிழ்த்துப் பார் என்று எங்கள் ஆயா அஞ்சலை ஜாடை காட்டியிருப்பாள். அடிக்குழியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருப்பது இந்தக் கடிதம்தான். படித்ததும் கிழித்துச் சாணக்குழியில் போட்டுவிடு. உங்கள் மாட்டுக்கு நம் அங்கன்வாடிக் கழுநீர் தினமும் வருவது உன் மாமியாருக்குப் பெருமை. ஆகவே வாளியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்று சத்துமாவு வாங்க உன்னைக் கூட்டி வந்தார்கள் அல்லவா. ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, திரும்பத் திரும்பப் படம் எடுத்து, கடைசியில் "முகம் ஏறவில்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். அது பொய். முதல் தடவையே ஏறிவிட்டது.

இந்தச் செல்போனைக் கண்டுபிடித்தவன் கையில் இருபது பிள்ளைகளைக் கொடுத்து, அடுப்பில் பருப்பையும் ஏற்றிவிட்டு, இப்போது படம் எடுடா என்று சொல்ல வேண்டும். தாய் முகம் ஒத்துப்போனால்தான் பாக்கெட் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்த நாளாக என் பிழைப்பு நாறிப்போய்க் கிடக்கிறது. பாதிப் பேர் முகம் நிஜமாகவே ஏறுவதில்லை. உன்னுடையது மட்டும் டக்கென்று ஏறியது. ஆனால் நீ, "இன்னும் நேரமாகுமா டீச்சர்?" என்று கேட்டாய். எல்லோரும்தான் கேட்கிறார்கள், எரிச்சலோடு. நீ கேட்டதில் நேரமானால் நல்லது என்ற ஆசை இருந்தது. கேட்டுக்கொண்டே தெருவில் போன ஷேர் ஆட்டோவைப் பார்த்தாய். அதில் யாரும் உனக்குத் தெரிந்தவர்கள்கூட இல்லை.

உன் மாமியார், "இன்னா டீச்சர், உங்க போனுக்கு எம் மருமவ மூஞ்சி புடிக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தெருவில் பேசிக்கொள்வதை நான் நம்புவதில்லை. நீயே சொல். அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

கஸ்தூரி டீச்சர்


12 ஆகஸ்ட் 2025

டீச்சருக்கு,

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். வேறு தாள் இல்லை. மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் விஷயம்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா பாஸ்கரனுக்கு அங்கே டாங்க் ஃபேக்டரியில் வேலை. சொந்த ஊர் தென்காசி. காலேஜுக்குப் போகிற ரயிலில் லோகேஷைப் பார்த்து, அப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டேன். அப்பா ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது, எனக்கு மகளே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ரோஷினி பிறந்து ஒரு வயது ஆனதும் வேலைக்குப் போகிறேன் என்றேன். இந்த வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்றார்கள். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ரோஷினியைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் என் சிநேகிதி மோகனப்பிரியா வீட்டுக்குப் போனேன். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் எடுத்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரும்புக் கதவுக்குப் பூட்டு. சாவி அத்தை இடுப்பில். போனையும் வாங்கிவிட்டார்கள். கொல்லையில் மதில் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. சில்லு உடைந்த ஒரே இடத்தில்தான் அஞ்சலையக்கா வாளியைத் தூக்கிக் கொடுக்கிறார்.

யாரும் அடிப்பதில்லை டீச்சர். மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். போலீசிடம் போய் என்ன சொல்வது? ஒரு தடவை இவரிடம் சண்டை போட்டேன். "அம்மா சொல்றத கேட்டுகினு இரு, ஒரு வருசத்துல தனியா பூடலாம்" என்றார். அதைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமா நேராகவே சொல்லிவிட்டார்: "நீ போணும்னா போ. கொயந்த இந்த ஊட்டுது."

அதனால்தான் எங்கள் இருவரையும் ஒன்றாக வெளியே விடுவதில்லை. என்னைச் சத்துமாவுக்குக் கூட்டி வந்தால் ரோஷினி மாமா மடியில். ரோஷினிக்கு ஊசி போடப் போனால் அத்தை தூக்கிப் போவார், நான் உள்ளே. அவளும் நானும் சேர்ந்து அந்தக் கதவைத் தாண்டி எத்தனையோ மாதமாயிற்று. ஒரே ஒரு தடவை தாண்டினால் போதும், நான் திரும்ப மாட்டேன்.

நீங்கள் பொய் சொன்ன மறுநாளும் என்னைக் கூட்டி வந்தார்கள் அல்லவா. அன்று உங்கள் அறையில் பிள்ளைகள் யானைப் பாட்டுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சௌம்யா

பி.கு. சத்துமாவில் ரோஷினிக்கு ஒரே ஒரு உருண்டைதான். மீதி மாட்டுக்கு. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.


8 செப்டம்பர் 2025

சௌம்யா,

மாட்டுக்குப் போவது எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் கறவை மாடு உள்ள வீடெல்லாம் எனக்குத் தெரியும். மாடு கொழுத்திருப்பதைப் பார்த்தே எந்தப் பிள்ளை எடை குறையும் என்று சொல்லிவிடலாம். அந்தக் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதமும் உன் முகம் ஏறவில்லை என்று சொல்லி மறுபடி மறுபடி வரவழைத்தேன். மூன்றாவது நாள் உன் மாமியார் அலுத்துக்கொண்டார். ஆனாலும் வந்தார். அரசாங்கம் கொடுப்பதை விட மாட்டார் அந்த அம்மா. அதுதான் நமக்குப் பிடி.

என் யோசனையைக் கேள். அடுத்த மாதம் முதல் வியாழன் காந்தி ஜெயந்தி, லீவு. ஆகவே ஒன்பதாம் தேதி கொடுப்பேன். புது உத்தரவு வந்திருக்கிறது, தாய் முகமும் பிள்ளை எடையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், இரண்டு பேரும் வந்தால்தான் பாக்கெட் என்று சொல்லப்போகிறேன். அப்படி ஒரு உத்தரவும் கிடையாது. தினம் ஒரு உத்தரவு வருகிற இடத்தில் ஒன்று கூடுதலாக வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

சமையலறைக் கதவு பின்சந்தில் திறக்கும். நீ பார்த்திருக்க மாட்டாய். அங்கிருந்து பெரிய ரோடு கூப்பிடு தூரம். மோகனப்பிரியா நம்பர் உனக்கு நினைவிருந்தால் அனுப்பு.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. இந்த அறை உன் மாமனாருடையது. அரசாங்கம் கொடுக்கும் வாடகைக்கு இந்த ஊரில் வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். துலுக்காணம் ஐயா வாயைத் திறந்து காலி செய் என்றால் இருபது பிள்ளைகளோடு நான் தெருவில். எனக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. அதை ஒழுங்காக முடித்துவிட்டுப் போகவேண்டும் என்றுதான் இருந்தேன். நீ அந்த ஆட்டோவைப் பார்த்துத் தொலைத்தாய்.

கஸ்தூரி


15 செப்டம்பர் 2025

டீச்சருக்கு,

நம்பர் இந்தத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. அவள் தனி அறை எடுத்திருக்கிறாள். எப்போது வேண்டுமானாலும் வா என்று அன்றே சொன்னாள்.

மூன்று நாளாக யோசித்தேன். இவர் திருமழிசைக் கம்பெனியிலிருந்து வரும்போது ரோஷினிக்கு பிஸ்கட் வாங்கி வருவார். அவள் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போது, நான் செய்வது சரிதானா என்று இருக்கும். பிறகு சாவிச் சத்தம் கேட்கும். உடனே சரி என்று ஆகிவிடும்.

அத்தை இப்போது ரோஷினியை அடுத்த ஜூனில் கான்வென்ட் நர்சரியில் போடப் பேசுகிறார். வாசலுக்கே வேன் வருமாம். நம் பால்வாடிக்கு அனுப்பினால் கௌரவக் குறைச்சல். அறை மட்டும் வாடகைக்கு விடலாம்.

ஒன்பதாம் தேதி. சரி.

நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எழுதியது நல்லதாகப் போயிற்று. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

சௌம்யா


10 அக்டோபர் 2025

சௌம்யா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எட்டாம் தேதி மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உன் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். திருவேற்காட்டில் உன் மாமியாருக்குத் தங்கை இருக்கிறாராமே. அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். அங்கே எடையும் முகமும் ஒன்றாகக் கேட்பதில்லையாம். தாய் வர முடியாவிட்டால் பாட்டியின் ஆதாரைப் போட்டுப் பாட்டி முகத்தையே பதிந்துகொள்ளலாமாம். அது உண்மைதான். அந்த வசதி இருப்பதை நான் உங்களிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

"மருமவள தெருவுல இட்டுகினு வர்றது எங்களுக்கு புடிக்கல டீச்சர். எம் மூஞ்சியே போடு," என்றார் உன் மாமியார். நான் இழுத்தேன். உன் மாமனார் சுவரைத் தட்டிக்கொண்டே, "ரூமுக்கு வெள்ளயடிக்கணும். காலி பண்ணாத்தான் அடிக்க முடியும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாயில் பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள். ஒரு பிள்ளை விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

மாற்றிவிட்டேன் சௌம்யா. உன் முகத்தை எடுத்துவிட்டு உன் மாமியார் முத்தம்மாள் முகத்தைப் போட்டேன். ஒரே தடவையில் ஏறியது.

மறுநாள் உன் மாமியார் மட்டும் வந்து பாக்கெட்டை வாங்கிப் போனார். மோகனப்பிரியா பெரிய ரோட்டில் ஆட்டோவோடு மத்தியானம் வரை நின்றாளாம். வராதே என்று ஒரு போன் செய்யக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கஸ்தூரி


13 அக்டோபர் 2025

டீச்சருக்கு,

ஒன்பதாம் தேதி காலையில் ரோஷினிக்கு இரண்டு கவுன் போட்டேன், ஒன்றின் மேல் ஒன்று. பை எடுத்து வர முடியாது இல்லையா. வேர்த்து வேர்த்து அழுதாள். பேசாமல் இரு என்று ஒரு அடி வைத்தேன். இதுவரை நான் அவளை அடித்ததே இல்லை.

அத்தை தனியாகக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னவோ காரணம் இருக்கும், நீங்கள் ஆள் அனுப்புவீர்கள் என்று நின்றேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு கவுனைக் கழற்றினேன்.

உங்களுக்கு இருபது பிள்ளைகள். எனக்குப் புரிகிறது. புரிவதால் ஆறுகிறதா என்றால் இல்லை. கதவைக் காட்டாமலே இருந்திருக்கலாம் நீங்கள்.

இனி எழுதாதீர்கள்.


21 நவம்பர் 2025

சௌம்யா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

வாளி தினமும் வெறுமையாகத் திரும்புகிறது. "அந்தப் பொண்ணு வாளிய வாங்கசொல்ல எம் மூஞ்சியே பாக்கல டீச்சர்," என்கிறாள் அஞ்சலை. சொல்லிவிட்டு என்னையும் முறைக்கிறாள். அவள் முறைப்பது நியாயம்தான்.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கலியமூர்த்தியிடம் போய், அவசரம் என்றால் வராண்டாவில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்ன அவசரம் என்றார். மழைக்கு அறை ஒழுகுகிறது என்று புளுகினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிடும். ஆனாலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கஸ்தூரி


28 ஜனவரி 2026

டீச்சருக்கு,

எழுதாதீர்கள் என்று சொன்னவள் நானே எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாவது மாதம். அத்தை நர்சம்மாவிடம் கூட்டிப் போய்ப் பதிந்துவிட்டார். ரோஷினி வழக்கம்போல மாமாவிடம். இவர் ஸ்வீட் வாங்கி வந்தார். சந்தோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நர்சம்மா சொன்னதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? கர்ப்பிணிக்கும் சத்துமாவு உண்டு. அதற்கு என் முகம்தான் வேண்டும், அத்தை முகம் செல்லாது. வயிற்றில் ஒரு பிள்ளை வந்தால் ஒருத்திக்கு முதலில் தோன்றுவது இதுவா? என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அத்தைக்கு ஏக குஷி. "ரெண்டு பேரு பேருலயும் பாக்கெட்டு வரும். மாடும் சினையாதான் கீது," என்கிறார். ரோஷினி பாக்கெட்டுக்கு அவர் முகம், எனக்கு என் முகம். அடுத்த வியாழக்கிழமை, குழந்தையை மாமாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வருவோமாம்.

என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முன்பு போல இரண்டு மூன்று தடவை ஏறவில்லை என்று சொல்லுங்கள். மாதத்தில் சில நாள் உங்கள் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் போதும் எனக்கு. வெளியே போகிற பேச்சு வேண்டாம். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று வைத்துக்கொண்டு எங்கே போவேன்? இந்தப் பிள்ளை பிறந்து வளரும்வரை முகம் காட்டிக்கொண்டிருக்கலாம். அது முடிவதற்குள் இன்னொன்று வந்தாலும் வரும்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. முழுதாகப் போகவில்லை. யானைப் பாட்டு இப்போதும் பாடுகிறார்களா?

சௌம்யா


30 ஜனவரி 2026

சௌம்யா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பருப்பை அடிபிடிக்க விட்டேன். அஞ்சலை திட்டினாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். நான் அழவில்லை. எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது.

நீ எழுதியதை நீயே ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை. ரோஷினி பாக்கெட்டுக்கு மாமியார் முகம். உன் பாக்கெட்டுக்கு உன் முகம். இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும். அப்படியானால் ரோஷினியை யாரிடம் விடுவது? மாமனாரிடம், வியாழக்கிழமையானால். செவ்வாய்க்கிழமையானால்?

செவ்வாய் தவறாமல் துலுக்காணம் ஐயா திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போய் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார் என்பது ஊருக்கே தெரியும். உன் வீட்டுக்காரனுக்குப் பகல் ஷிஃப்ட். இன்று உன் மாமியாரை வழியில் பார்த்து, வியாழன் எனக்கு ஆவடியில் மீட்டிங், இந்தத் தடவை செவ்வாய், மூன்றாம் தேதி கொடுத்துவிடுகிறேன் என்றேன். மீட்டிங் நிஜமாகவே இருக்கிறது. "கொயந்தைய இன்னா பண்றது?" என்று அவரே கேட்டார். கூட்டி வாங்க, எடை பார்த்த மாதிரியும் ஆச்சு என்றேன். சரி என்றுவிட்டார். போன தடவை நான் ஒரு உத்தரவைக் கற்பனை பண்ணி மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை கற்பனை எதுவும் இல்லை. அவர் முகத்தை அவரே வற்புறுத்திப் போடவைத்தார். அந்த முகத்துக்கு அவரே வந்துதான் ஆகவேண்டும்.

மோகனப்பிரியாவுடன் பேசினேன். முதலில் என்னை நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். பின்சந்து முனையிலேயே ஆட்டோவோடு நிற்பாள். வயிற்றில் பிள்ளை என்றும் சொல்லிவிட்டேன். அம்பத்தூரிலும் அங்கன்வாடி இருக்கிறது, அங்கே போய்ப் பதியட்டும் என்றாள். எனக்குத் தோன்றாமல் போயிற்று, பார்.

நடந்தது தெரிந்ததும் என்னைக் காலி செய்யச் சொல்வார்கள். கலியமூர்த்தி ஐயா ஒரு மாதத்துக்கு வராண்டா தருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு மேல் தெரியாது. வெயிலில் பிள்ளைகள் வாடும். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்தப் பிள்ளைகளைக் காட்டித்தான் உன்னைக் கைவிட்டேன். ரோஷினியும் இந்த ஊர்ப் பிள்ளைதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வந்ததும் முதலில் உன்னை எடுப்பேன். பிறகு அஞ்சலை ரோஷினியை எடை பார்க்க என்று சமையலறைக்குத் தூக்கிப் போவாள். தராசு அங்கே இருக்கும், பின்சந்துக் கதவும் திறந்திருக்கும். நீயும் பின்னாலேயே போ. உன் மாமியாரை வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து உட்காரவைப்பேன், முதுகு உங்கள் பக்கம். பிள்ளைகள் யானைப் பாட்டு பாடிக்கொண்டிருப்பார்கள். சத்தமாகப் பாடச் சொல்லியிருக்கிறேன்.

உன் முகம் முதல் தடவையே ஏறிவிடும். உன் மாமியார் முகம்தான் ஏறாது. எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டினாலும் ஏறாது.

ரோஷினிக்கு இரண்டு கவுன் போடு.

கஸ்தூரி